பழனிமலையில் ஓடில்லாத நத்தைகளைத் தேடி

வெள்ளிக்கிழமை, தாண்டிக்குடி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தூத்துக்குடியில் கடல் கலங்கிவிடும். கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைக் குழிகளில் குனிந்து நத்தை தேடுகிற எங்களுக்கு அப்போது கரையில் வேலை இல்லை. ஓடில்லாத கடல் நத்தைகள்தான் எனக்குப் பல வருடப் பைத்தியம். ஓடில்லாத நத்தை மலையிலும் உண்டு, அதற்கு மழைக்காலம்தான் திருவிழா. அதனால் இந்த முறை மழை வந்ததும் மலைக்குக் கிளம்பிவிட்டோம். கூட வந்திருப்பது என் அண்ணன் மகள். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள்.

வத்தலக்குண்டில் இறங்கி, பட்டிவீரன்பட்டி வழியாக மேலே ஏறும் பஸ்ஸைப் பிடித்தோம். நெல்லும் தென்னையும் கீழே போக, காப்பியும் மிளகும் ஆரஞ்சும் தொடங்கின. தங்கியிருப்பது தெரிந்த அண்ணன் ஒருவரின் காப்பித் தோட்டத்து வீடு. நடுவில் விருப்பாச்சி வாழை நிற்கிறது.

இருட்டியதும் டார்ச்சோடு வெளியே வந்தோம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், வாழை மட்டைக்கு அடியில், முதல் ஆள் கிடைத்துவிட்டது. விரல் நீளம். கறுப்பும் பழுப்பும் கலந்த தட்டையான உடம்பு, முதுகு நடுவில் தலையிலிருந்து வால்வரை வெளிறிய ஒரு கோடு. அசையாமல் இருந்தால் நனைந்த தோல் துண்டு என்றுதான் நினைப்போம்.

"ஏம்மா, இந்தச் சனியனைப் பார்க்கவா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீங்க?" என்றார் அண்ணி. நாற்றங்காலைத் தின்று தீர்க்கிற ஜந்துவை வேறு எப்படிச் சொல்வார்!

மருமகள் அதற்குள் பெயரே சொல்லிவிட்டாள். "லேவிகாலிஸ் ஆல்டே, சரியா அத்தை?" ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, இன்று இந்தியா முழுக்கப் பரவிக் கிடக்கிற நத்தை அது. இருக்கலாம். ஆனால் எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டேன். முதுகுக் கோட்டைக் காட்டினாள். முதுகைப் பார்த்ததும் பெயர் வைக்கிற அந்த அவசரத்தைத்தான் இந்தப் பயணத்தில் அவளிடமிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கையுறை போட்டுக்கொண்டு அதை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஏற்றிக் கீழிருந்து பார்த்தோம். அடிப்பக்கத்தில் நடுவே ஒல்லியான பாதம், அதன் இரண்டு பக்கமும் முதுகுத் தோல் மடங்கி வந்து விளிம்பாக நிற்கிறது. பாதம் அரை சென்டிமீட்டர்கூட அகலம் இல்லை. அதில் அலை அலையாக ஒரு நெளிவு பின்னாலிருந்து முன்னால் ஓடுகிறது. மேல் கொம்புகளின் நுனியில் கண். கீழ்க் கொம்புகளின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறது. பக்கவாட்டில் மூச்சுத்துளை தேடினால் கிடையாது. திறப்பு வால் பக்கம் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் எந்தக் குடும்பம் என்பது உறுதி. முதுகுத் தோல் முழுசாக மூடிய, வெரோனிசெல்லிடே என்ற குடும்பம். மற்ற நிலநத்தைகளுக்கு இது ரொம்ப தூரத்துச் சொந்தம்.

இனம்? இதே குடும்பத்தில் செம்பெருலா என்ற ஆசியப் பேரினமும் உண்டு, அதிலும் பழுப்புத் தோல், தட்டை உடம்பு. வயசுக்கு ஏற்ப நிறம் மாறும், ஈரத்துக்கு ஏற்ப உடம்பு நீளும், சுருங்கும். இந்தக் குடும்பத்தில் முடிவான பதில் இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தால்தான். நோட்டில் "லேவிகாலிஸ், வெளித்தோற்றத்தை வைத்து" என்று எழுதச் சொன்னேன். அவளுக்கு அது அரைப் பதிலாகப் பட்டது. எனக்கு அது முழு நேர்மையான பதில்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இந்த நத்தைகளுக்குள் வளர்ந்து, தவறி மனிதன் வயிற்றுக்குள் போனால் மூளை உறையைத் தாக்கும். கீரை, சாலட் எல்லாம் நன்றாகக் கழுவித்தான் தின்ன வேண்டும். அண்ணி வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை, கொடைக்கானல்

காலையில் பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை என்று சுற்றி மேலே வந்தோம். வழி முழுக்க மூடுபனி, சொல்ல ஒன்றும் இல்லை. நாயுடுபுரத்தில் உறவுக்காரர் வீட்டில் மூட்டையைப் போட்டுவிட்டு மத்தியானமே வில்பட்டிப் பக்கம் காய்கறித் தோட்டத்துக்குப் போனோம்.

தோட்டத்துப் பாட்டி முட்டைக்கோஸ் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் நாலைந்து குட்டி நத்தைகள், சுண்டுவிரலில் பாதி நீளம், பழுப்பு நிறம். தலைக்குப் பின்னால் முதுகில் ஒரு சதைப் போர்வை. அதில் விரல் ரேகை மாதிரி வட்ட வட்டமாக வரிகள். போர்வையின் வலது ஓரத்தில், நடுவைத் தாண்டிப் பின்பக்கமாக மூச்சுத்துளை. திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நடுவுக்கு முன்னால் இருந்தால் அரியோன் என்ற ஐரோப்பியக் கூட்டம், பின்னால் இருந்தால் டெரோசெராஸ் பக்கம். சரி, இது டெரோசெராஸ்.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. டெரோசெராஸில் உலகமெல்லாம் பரவிய தோட்ட நத்தைகள் சில உண்டு, எல்லாமே சின்னது, எல்லாமே பழுப்பு அல்லது சாம்பல். ரெட்டிகுலேட்டம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது: குச்சியால் லேசாகத் தொந்தரவு செய்தால் பால் மாதிரி வெள்ளைக் கோழை கக்கும். லீவே என்பதன் கோழை தெளிவாகத் தண்ணீர் போல இருக்கும். நாங்கள் தொட்டுப் பார்த்தவை எல்லாம் தெளிவான கோழைதான். ரெட்டிகுலேட்டம் இல்லை.

அப்படியானால் லீவேதானே என்றாள் மருமகள். அவளுக்கு இன்வேடென்ஸ் கதையைச் சொன்னேன். ஐரோப்பாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய ஒரு தோட்ட நத்தையை ரொம்ப காலமாக பனோர்மிடானம் என்ற பெயரில் அழைத்து வந்தார்கள். மால்டாவிலும் சிசிலியிலும் இருக்கிற உண்மையான பனோர்மிடானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு என்று தெரிந்தது; இணை சேரும் விதமும் உறுப்பின் அமைப்பும் ஒத்துப்போகவில்லை. 2011இல்தான் தோட்டத்து நத்தைக்கு டெரோசெராஸ் இன்வேடென்ஸ் என்று சொந்தப் பெயர் கிடைத்தது. எத்தனை நாட்டு வேளாண்மைப் புத்தகங்களில் அடுத்தவன் பெயரில் அது அச்சாகியிருக்கும்! அந்த இன்வேடென்ஸும் பழுப்பு, அதுவும் தெளிந்த கோழை.

பாட்டிக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். "எதுவா இருந்தா என்ன கண்ணு, கோஸ் போகுதுல்ல?" என்றார். நியாயமான கேள்வி. நானும் பொறுமையாகச் சொன்னேன்: லீவேயில் ஒரே ஒரு நத்தை இருந்தாலும் தானே தன்னைச் சினையாக்கிக்கொண்டு முட்டையிடும். அதனால் ஒரு நாற்றுத் தொட்டியின் மண்ணில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், புதுத் தோட்டத்தில் கூட்டம் உருவாகிவிடும். எந்த நத்தை என்று தெரிந்தால், நாற்று வாங்கும்போது மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டுமா என்பதும் தெரியும். பாட்டி உடனே போய், போன மாதம் நர்சரியில் வாங்கிவந்த ரோஜாத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கண்ணாடி மணி போல முட்டைகள், ஒரு சின்னக் குவியல்.

தொட்டியை வெயிலில் காயப்போடச் சொல்லலாம் என்றால், இந்த மாதம் கொடைக்கானலில் வெயிலுக்கு எங்கே போவது.

ஞாயிற்றுக்கிழமை, சோலை ஓரம்

விடியுமுன் எழுந்து பாம்பே சோலை ஓரமாகப் போகும் சாலையில் நடந்தோம். காட்டுக்குள் இறங்கவில்லை, சாலையோரக் கல்லும் பாசியும் உளுத்த மரமுமே ஒரு காலைக்குத் தாராளம். அட்டை காலில் ஏறியது, உப்புத் துணியால் தட்டிவிட்டு நடந்தோம்.

நத்தைக்கு முன்னால் ஒரு பறவை. தரையோரமாக, ஈரச் சருகில் தத்தித் தத்தி, கருநீலத்தில் ஒரு சின்ன உருவம். நெற்றியில் வெள்ளைப் புருவம், வயிற்றில் வெள்ளை. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. மருமகள் போட்டோ எடுக்கத் தவித்தாள், நான் விலாவைப் பார் என்றேன். விலாவும் நீலச் சாம்பல்தான். நீலகிரியில் இருக்கிற இதன் சகோதர இனத்துக்கு விலாவும் வாலடியும் செம்பழுப்பாக இருக்கும், புருவமும் இவ்வளவு பளிச்சென்று இருக்காது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த வெக்கை நிலம். குளிர்ச் சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல்.

இந்தப் பறவைகளை ஆய்வாளர்கள் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். 2017இல் வி. வி. ராபினும் உமா ராமகிருஷ்ணனும் சுஷ்மா ரெட்டியும் அவர்கள் குழுவும் மரபணுவைப் பார்த்து, இவை நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமான தனிக்கிளை என்று காட்டி, ஷோலிகோலா என்ற புதுப் பேரினத்தை வைத்தார்கள். அதே கட்டுரையில் மலைச் சிரிப்பான்களுக்கு மான்டிசிங்க்லா. நேற்று உறவுக்காரர் வீட்டு வேலியில் பழம் தின்றுகொண்டிருந்த பழனிச் சிரிப்பானுக்கு மார்பு சாம்பல், அதில் மெல்லிய கீற்றுகள், வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீளமாகப் போகும். ஊட்டிச் சிரிப்பானுக்கு மார்பே செம்பழுப்பு.

இப்போது நத்தை. உளுத்த கட்டை ஒன்றின் அடியில் பெரிதாக ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு நீண்டது. தோட்டத்து நத்தையைப் பார்த்த கண்ணுக்கு உடனே வித்தியாசம் தெரிந்தது. சதைப் போர்வை உடம்பில் பாதிக்கு மேல் மூடியிருக்கிறது. அதன் நடுவில் சின்னப் பிளவு, உள்ளே நகம் போல மெல்லிய ஓட்டுத் துண்டு. வால் முதுகில் கூரிய மேடு. மருமகள் லென்ஸை வாலின் நுனிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு சிறு குழி, கோழை சுரந்து நிற்கிறது. "அத்தை, நேத்துப் பார்த்ததுல இது இல்ல!" ஆமாம், டெரோசெராஸுக்கு வால் குழி கிடையாது. இது நம் மண்ணின் அரியோபான்டா உறவுக்கூட்டம். போர்வை, பிளவு, மேடு எல்லாம் வைத்து மரியெல்லா என்று எழுதினோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரியெல்லா துசுமியெரி கேரளத்து ரப்பர் தோட்டங்களில் பால் குடிக்கிறது என்று பெயர் வாங்கியது. ஆனால் இந்தக் கட்டைக்கடி ஆளுக்கு நாங்கள் இனப் பெயர் போடவில்லை. பேரினத்தோடு நிறுத்தினோம், அறுத்துப் பார்க்காமல் அதற்கு மேல் போக எனக்கு மனம் வராது.

திரும்பும்போது அவள் கேட்ட கேள்விதான் இன்றைய சம்பாத்தியம். சோலைக்கிளிக்கு இடத்தை வைத்தே பாதிப் பதில் சொல்லிவிட்டீர்கள், நம்ம கடலில் அப்படிச் செய்ய முடியாதா?

முடியாது. கடல் நத்தை முட்டையை நாடாவாகச் சுற்றி வைக்கும். பெரும்பாலானவற்றில் அதிலிருந்து வருவது நத்தை இல்லை, கண்ணுக்குத் தெரியாத மிதவைக் குஞ்சு. பொடி ஓடுகூட இருக்கும். நீரோட்டம் அதைக் கொண்டுபோகும். அதனால்தான் தூத்துக்குடிப் பாறையில் நான் பார்க்கிற பில்லிடியா வரிகோசா கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு, பசிபிக் நடுவிலும் உண்டு. நெருங்கிய சொந்தங்கள் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் மேயும். மலை நத்தைக்கு மிதவைப் பருவமே கிடையாது. மணி முட்டையை உடைத்துக்கொண்டு வருவது குட்டி நத்தை, பிறந்த கட்டைக்குப் பக்கத்துக் கட்டைவரை போனால் பெரிய பயணம். ஒரு வெக்கைப் பள்ளத்தாக்கு அதைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைக்கும். ஆக, குஞ்சு எப்படிப் பயணம் போகிறது என்று தெரியாமல், "எங்கே கிடைத்தது" என்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று முடிவு செய்யவே முடியாது. சோலையில் அது பெரிய சாட்சி. கடலில் சின்னது. பாட்டியின் கோஸ் பாத்தியில் மனிதன் சுமந்துவந்த மண் இருப்பதால் சாட்சியே இல்லை.

திங்கட்கிழமை, வீட்டுக்குள்

பகல் முழுக்க மழை. கரண்ட்டும் இல்லை. சுக்குக் காப்பி, போர்வை, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை கடல் படங்கள்.

வரிகோசாவை வைத்துப் பாடம் நடத்தினேன். முதுகில் நீலமும் சாம்பலும் கலந்த மேடுகள், மேட்டு உச்சியில் மஞ்சள் முத்து, இடையில் கறுப்பு. இதேபோல மஞ்சள், நீலம், கறுப்பு போட்டுக்கொண்டு கொயலஸ்டிஸ் என்ற இனமும் இருக்கிறது. முதுகுப் படம் மட்டும் இருந்தால் விவாதம் ராத்திரி வரை போகும். புரட்டிப் பாதத்தைப் பார்த்தால் வரிகோசாவுக்கு நடுவே நீளமாக ஒரு கறுப்புக் கோடு இருக்கும், கொயலஸ்டிஸுக்கு இருக்காது. ஒரு நிமிட வேலை. நான் ஆரம்பத்தில் சேர்த்த நூற்றுக்கணக்கான படங்களில் பாதமே இல்லை என்று அவள் சுட்டிக்காட்டினாள். அப்போது எல்லோரும் அப்படித்தான் எடுத்தோம், இப்போது என்னோடு கரைக்கு வரும் பிள்ளைகள் முதலில் எடுப்பதே பாதத்தைத்தான்.

அப்புறம் நீல டிராகன் என்று சொல்கிற கடல் நத்தை, கிளாக்கஸ். 2023 டிசம்பர் புயலுக்குப் பின் சென்னைக் கரையில் ஒதுங்கியதே, அது. அட்லாண்டிகஸ் என்றால் பக்கத்து விரல்கள் ஒரே வரிசையில் விசிறியாக நிற்கும். மார்ஜினேட்டஸ் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. அந்த மார்ஜினேட்டஸையும் 2014இல் மரபணு பார்த்துப் பிரித்தபோது உள்ளே நாலு இனம் இருந்தது. (தொடாதீர்கள், அது தின்ற சொறிமீனின் கொட்டும் அணுக்களை விரலில் சேமித்து வைத்திருக்கும்.)

நிறத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். நீலத்தில் கறுப்புக் கோடும் மஞ்சள் கரையும் போட்ட குரோமோடோரிஸ் கூட்டத்தை 2018இல் லேட்டன், கோஸ்லினர், வில்சன் மூவரும் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே இனத்துக்குள் பல வேஷம். வெவ்வேறு இனங்கள் ஒரே வேஷத்தில். கசப்பும் நஞ்சும் உள்ளவை ஒரே மாதிரி உடுத்திக்கொண்டால், மீன் ஒன்றைக் கடித்துத் துப்பினாலே மற்றவையும் பிழைக்கும். எனவே இனங்கள் ஒன்று போலத் தெரிவதற்கே அங்கே காரணம் இருக்கிறது. நிறத்தை நம்பிப் பெயர் வைத்தால், மீனை ஏமாற்றுகிற அதே உடுப்பு நம்மையும் ஏமாற்றும்.

மலையில் இதற்குத் தலைகீழான உதாரணம் இண்ட்ரெல்லா ஆம்புல்லா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் எங்கும் இல்லாத நத்தை. மெல்லிய ஓட்டுக்குள் அடங்காத பெரிய உடம்பு. நண்பர் ஒருவர் அனுப்பிய படங்களில் ஒன்று குங்குமச் சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று கிட்டத்தட்ட வெள்ளை. மருமகள் மூன்று இனம் என்றாள். அந்தப் பேரினத்திலேயே இருப்பது ஒரே ஒரு இனம்தான்.

பழைய ஆட்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வால்டர் எலியட் மெட்ராஸ் மாகாண அதிகாரி. வால்டேர் (இன்றைய விசாகப்பட்டினம்) கரையில் அவர் சேர்த்த கடல் நத்தைகளை வைத்து, ஆல்டரும் ஹான்காக்கும் 1864இல் இங்கிலாந்தில் உட்கார்ந்து பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று கலிங்கா ஓர்னாட்டா, நம் கலிங்கத்தின் பெயரே பேரினத்துக்கு. சாராயத்தில் போட்ட நத்தைக்கு நிறம் போய்விடும், எஞ்சுவது உடம்பின் அமைப்புதான். அதனால் அவர்கள் செவுள் கொத்து, முகர்கொம்பு, உணவைச் சுரண்டித் தின்கிற அரநாக்கின் பற்கள் என்று எண்ணி எண்ணி எழுதினார்கள். நல்ல கேமரா கைக்கு வந்தபின் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போனதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

செவ்வாய்க்கிழமை, இறங்கும் முன்

காலையில் வில்பட்டிப் பாட்டியை ஒரு தடவை பார்க்கப் போனோம். ரோஜாத் தொட்டி மண்ணைக் கொட்டி, கொதிநீர் ஊற்றியிருந்தார். பாத்தியைச் சுற்றி ஈரச் சாக்கு விரித்து, விடிந்ததும் அதைத் தூக்கி அடியில் சேர்ந்த நத்தைகளைப் பொறுக்குகிறார்; இது அவர் மாமியார் காலத்து முறையாம். பொறுக்கியதில் ஒரு டப்பா எங்களுக்காக எடுத்து வைத்திருந்தார். மருமகள் அதை அவளுடைய கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறாள். அறுத்துப் பார்த்து, லீவேயா இன்வேடென்ஸா என்று அவளே சொல்வாள். சோலையில் பார்த்தது சோலையிலேயே இருக்கிறது, படம் மட்டும் கையில்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து நத்தையை எனக்கு அனுப்பினால் முதுகுப் படம் கடைசியில் போதும். முதலில் வலது பக்கம், மூச்சுத்துளை திறந்திருக்கும்போது. அப்புறம் வால் நுனி, கண்ணாடி வழியாகப் பாதம், குச்சியால் தொட்டபின் கோழையின் நிறம். எந்தச் செடி, நர்சரித் தொட்டியா காட்டு மண்ணா என்பதையும் எழுதுங்கள். மழை நின்றால் நத்தை மண்ணுக்குள் போய்விடும், அதனால் இந்த மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள்.